கரி மூட்டையின் விலை
19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களில் கட்சி இயந்திரம்: ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்

1855இல் நியூயார்க் மாநிலம் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி, நியூயார்க் நகரில் வாழ்ந்த சுமார் 6,30,000 பேரில் 1,75,000க்கும் அதிகமானோர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த நோய் ஒரு நாட்டையே பட்டினியில் தள்ளியது. தப்பிப் பிழைத்தவர்கள் கப்பலேறி வந்து இறங்கிய பெரிய துறைமுகம் இதுதான். பெரும்பாலோருக்கு விவசாயம் தவிர வேறு தொழில் தெரியாது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் கத்தோலிக்கர்கள், நகரத்தின் பெரிய மனிதர்களோ புராட்டஸ்டன்ட்டுகள். ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்த முதலாளிகளில் சிலர், ஐரிஷ்காரர் வர வேண்டாம் என்பதையும் சேர்த்தே அச்சிட்டார்கள்.

அப்படி வந்து இறங்கியவருக்கு நகர நிர்வாகம் என்ன செய்தது? அநேகமாக ஒன்றும் செய்யவில்லை. வேலை போனவருக்கு உதவித்தொகை, முதியவருக்கு ஓய்வூதியம், வேலையில் கை இழந்தவருக்கு இழப்பீடு என்ற பேச்சே அன்று கிடையாது. தனியார் தர்ம அமைப்புகள் இருந்தன. 1843இல் தொடங்கிய ‘ஏழைகள் நிலை மேம்பாட்டுச் சங்கம்’ அவற்றில் ஒன்று. அவர்கள் ஆள் அனுப்பி வீட்டைப் பார்ப்பார்கள். குடிக்கிறவரா, சோம்பேறியா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். தகுதியான ஏழை என்று மனதுக்குப் பட்டால் மட்டுமே ஏதாவது கிடைக்கும். பசியோடு வந்தவர் முதலில் நற்சான்று வாங்க வேண்டியிருந்தது.

தெருமுனை மதுக்கடையில் இன்னொருவர் இருந்தார். அவர் எதையும் விசாரிப்பதில்லை. அடுப்புக்குக் கரி இல்லையென்றால் ஒரு மூட்டை வந்து சேரும். மகன் போலீஸில் மாட்டிக்கொண்டால் ஜாமீன் கிடைக்கும். சாலை போடும் கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் காலையே வேலை. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் தேர்தல் நாளில் மட்டும். அந்த மனிதர் எப்படி உருவானார், அவர் கொடுத்தது என்ன, கொடுத்ததற்கு உண்மையில் யார் என்ன விலை தந்தார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இப்படிப்பட்ட ஆட்களைக் கொண்டு உதவியை ஓட்டாக மாற்றிய அமைப்பே கட்சி இயந்திரம். ஏழைகளை மனிதராக நடத்திய ஒரே அமைப்பு என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. திருட்டுக் கும்பல் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கின்றன.

நியூயார்க்கில் இந்த இயந்திரத்தின் பெயர் டாமனி ஹால். 1780களின் பிற்பகுதியில் கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் கூடும் சங்கமாகத்தான் டாமனி தொடங்கியது. லெனாப்பே பழங்குடித் தலைவர் டாமனெண்டின் பெயரைச் சூட்டிக்கொண்டு, தலைவர்களைப் பழங்குடி வழக்கப்படி ‘சாச்செம்’ என்றும் கூடும் இடத்தை ‘விக்வாம்’ என்றும் அழைத்துக்கொண்டார்கள். 1800 தேர்தலில் ஆரன் பர் என்ற அரசியல்வாதி அதை ஓட்டுத் திரட்டப் பயன்படுத்தினார். 1820களில் நியூயார்க் மாநிலத்தில் வெள்ளை ஆண்களுக்குச் சொத்துத் தகுதி இல்லாமலே வாக்குரிமை கிடைத்தது. கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து இருக்க வேண்டும் என்ற விதியை அப்படியே வைத்துவிட்டார்கள். ஓட்டு எண்ணிக்கை ஒரே வீச்சில் பெருகியதும் டெமாக்ரடிக் கட்சியின் நகரப் பிரிவாகவே டாமனி மாறியது.

அன்று வாக்களித்த முறையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதை விளங்காது. வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை, கட்சிகள்தாம் அச்சிட்டன. தன் கட்சி வேட்பாளர்களின் பெயர்களை மட்டும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு கட்சியும் தனித் தாளில், சில வேளை தனி நிறத்தில் சீட்டு அடிக்கும். வாக்குச்சாவடி வாசலில் கட்சிக்காரர் அதைக் கையில் திணிப்பார். வாக்காளர் எல்லார் கண்முன்னாலும் நடந்து போய்ப் பெட்டியில் போடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இது வசதிதான். ஆனால் வாங்கிய கரி மூட்டைக்கு நன்றி செலுத்தினாரா என்பதை வாசலில் நின்றவர் தாளின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

குடியேறியவர் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டு வசிப்பு வேண்டும் என்பது சட்டம். 1868 தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் நியூயார்க் நீதிமன்றங்கள் அதைப் படுத்திய பாடு பின்னர் நாடாளுமன்ற விசாரணை வரை போயிற்று. ஜார்ஜ் பர்னார்ட் போன்ற நீதிபதிகள் இரவிலும் நீதிமன்றத்தைத் திறந்து வைத்து, கும்பல் கும்பலாக ஆட்களுக்கு உறுதிமொழி செய்வித்தார்கள். அந்த ஓராண்டில் நகரில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 41,000 பேர். விண்ணப்பக் கட்டணத்தைக் கட்சியே கட்டியது. சாட்சி சொல்ல ஆட்கள் தயாராக நின்றார்கள். ஒரே ஆள் பலருக்கும் சாட்சி சொன்னார்.

இந்த ஏற்பாட்டின் உச்சியில் அப்போது இருந்தவர் வில்லியம் ட்வீட். 1823இல் செர்ரி தெருவில், நாற்காலி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்து வழி வந்த புராட்டஸ்டன்ட், ஐரிஷ்காரர் அல்ல. அவரை வளர்த்தது தீயணைப்பு வண்டி. சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்புத் துறை நியூயார்க்குக்கு 1865இல்தான் வந்தது. அதுவரை தொண்டர் படைகள்தாம். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு படை, ஒரு சின்னம். தீ பிடித்த இடத்துக்கு யார் முதலில் வருவது, குழாய் யாருக்கு என்று அடிதடி. ட்வீட் தலைமை தாங்கிய ‘அமெரிக்கஸ் 6’ படையின் வண்டியில் புலித் தலை வரைந்திருந்தது. பிற்காலத்தில் கேலிச்சித்திரங்களில் டாமனியின் அடையாளமாக உறுமிய புலி அங்கிருந்துதான் வந்தது. எழுபது எண்பது வாலிபர்கள் சொன்னதும் ஓடிவருகிறார்கள் என்றால், தேர்தலில் அவர்களை வேறெப்படிப் பயன்படுத்தலாம் என்று கட்சிக்குத் தெரியும். 1851இல் ட்வீட் நகர்மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மன்றத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘நாற்பது திருடர்கள்’. இரண்டு ஆண்டு வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து பார்த்தார். கை ஓடும் இடம் நகரம்தான் என்று கண்டுகொண்டு திரும்பிவிட்டார். 1863இல் டாமனியின் தலைமை அவர் கைக்கு வந்தது.

மேயர் ஓக்கி ஹால், நிதிக் கட்டுப்பாட்டாளர் ரிச்சர்ட் கானலி, பீட்டர் ஸ்வீனி, ட்வீட். இந்த நால்வரைத்தான் ‘ட்வீட் வளையம்’ என்றார்கள். அவர்கள் வேலை செய்த விதத்தை மொத்தமாகப் பேசுவதைவிட ஒரு கட்டடத்தின் பில்களைப் பிரித்துப் பார்ப்பது மேல்.

சேம்பர்ஸ் தெருவில் கவுண்டி நீதிமன்றம் கட்ட 1858இல் ஒதுக்கிய தொகை 2,50,000 டாலர். கடைசியில் அது விழுங்கியது சுமார் 1.3 கோடி டாலர். 1867இல் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா முழுவதையும் வாங்கியதே 72 லட்சம் டாலருக்குத்தான். பூச்சு வேலை செய்த ஆண்ட்ரூ கார்வி என்பவருக்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் பட்டுவாடா ஆனது. பத்திரிகைகள் அவருக்குப் பூச்சுக்காரர்களின் இளவரசர் என்று பட்டம் கொடுத்தன. மரவேலை அதிகமில்லாத கட்டடத்தில் ஒரு தச்சருக்கு ஒரே மாதத்தில் 3,60,751 டாலர். பதினொரு வெப்பமானிகளுக்கு 7,500 டாலர். சலவைக்கல் வந்த குவாரியிலும், நகர நிர்வாகத்தின் அச்சு வேலைகளைச் செய்த கம்பெனியிலும் ட்வீடுக்கே பங்கு இருந்தது.

இதில் சூத்திரம் எளிமையானது. கான்ட்ராக்டர் உண்மையான செலவை எழுதிக்கொண்டு வருவார். அதைப் பல மடங்காக்கி பில் போடச் சொல்வார்கள். பில் தணிக்கைக்குப் போகும். தணிக்கை செய்கிறவரும் வளையத்தின் ஆள். பணம் வந்ததும் கான்ட்ராக்டர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் பத்து சதவீதமாக இருந்த கமிஷன், 1870 வாக்கில் பில் தொகையில் 65 சதவீதம் வரை போனது. அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றத்தில் இரு கட்சிக்காரர்களுக்கும் லஞ்சம் கொடுத்து ஒரு புதிய நகரச் சாசனத்தை ட்வீட் நிறைவேற்றிக்கொண்டார். நகரத்துக்கே தன்னாட்சி என்ற நல்ல பெயரில் வந்த அந்தச் சாசனம், பில்களை அனுமதிக்கும் அதிகாரத்தை அதே சிலரின் கையில் வைத்தது. மொத்தத்தில் எவ்வளவு போயிற்று என்பதற்கு ஒருமித்த கணக்கு இல்லை. குறைந்த மதிப்பீடுகளே பல கோடி டாலரில் தொடங்குகின்றன.

அது வெளியே வந்தது ஒரு பனிச்சறுக்கு வண்டி விபத்தால். வளையத்தின் கணக்குகளைக் கையாண்ட தணிக்கையாளர் ஜேம்ஸ் வாட்ஸன் 1871 ஜனவரியில் அந்த விபத்தில் அடிபட்டு இறந்தார். அவரை அடுத்து நடந்த பணி மாற்றங்களில் மேத்யூ ஓ’ரூர்க் என்பவர் கணக்கு எழுத வந்தார். பேரேடுகளைப் பார்த்துத் திகைத்து நகல் எடுத்தார். முன்னாள் ஷெரீப் ஜேம்ஸ் ஓ’பிரையனுக்கு வளையத்தோடு பணத் தகராறு. அவருடைய ஆளும் தனியாக நகல் எடுத்திருந்தார். இரண்டும் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தன. 1871 ஜூலையில் அந்தப் பத்திரிகை எண்களை அப்படியே அச்சிட்டது. ஜெர்மன் குடியேறிகளும் படிக்க வேண்டுமென்று ஜெர்மன் மொழியிலும் போட்டது. நிறுத்துவதற்கு உரிமையாளர் ஜார்ஜ் ஜோன்ஸிடம் 50 லட்சம் டாலர் பேசினார்கள் என்பது அவரே சொன்ன செய்தி. இன்னொரு பக்கம் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யில் தாமஸ் நாஸ்டின் கேலிச்சித்திரங்கள். தன் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் பார்க்கத் தெரியுமே என்று ட்வீட் புலம்பியதாகச் சொல்வார்கள்.

செய்தி வெளிவந்ததால் மட்டும் வளையம் விழவில்லை. நகரக் கடன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. கணக்கு வெளியானதும் வங்கியாளர்கள் நகரக் கடன் பத்திரங்களை வாங்க மறுத்தார்கள். பணம் நின்றது, பிறகே ஆட்கள் விலகினார்கள். 1871 நவம்பரில் டாமனி வேட்பாளர்கள் பெருவாரியாகத் தோற்றார்கள். ஆனால் ட்வீட் தோற்கவில்லை. திருடிய தொகை டாலர் கணக்கில் பத்திரிகையில் வந்த பிறகும், அவருடைய தொகுதி அவரை மாநில செனட்டுக்கு மறுபடியும் நல்ல வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. முந்தைய குளிர்காலத்தில் தம் வார்டு ஏழைகளுக்கு அவர் 50,000 டாலர் கொடுத்திருந்தார். கார்வியின் பில்லை அந்த மக்கள் பார்த்ததில்லை. கரியைப் பார்த்திருந்தார்கள்.

ட்வீடின் முடிவு பலருக்கும் தெரிந்தது. 1873இல் 204 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு. ஓராண்டுச் சிறைக்குப் பின் பணத்தை மீட்கும் வழக்கில் மறுபடியும் சிறை. 1875 டிசம்பரில் வீட்டைப் பார்க்க அழைத்துப் போனபோது தப்பி, கியூபா வழியாக ஸ்பெயினுக்கு ஓடினார். நாஸ்டின் படத்தை வைத்தே விகோ துறைமுகத்தில் அவரை அடையாளம் கண்டு பிடித்தார்கள். 1878 ஏப்ரல் 12 அன்று லட்லோ தெருச் சிறையில் இறந்தார். வயது 55.

இத்தோடு டாமனியும் முடிந்தது என்று சீர்திருத்தக்காரர்கள் நம்பினார்கள். நடந்தது நேர் எதிர். ட்வீடுக்குப் பின் வந்த ஜான் கெல்லி, கலைந்து கிடந்த கூட்டத்தை ஒழுங்கான நிர்வாகமாக மாற்றினார். சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு மாவட்டத் தலைவர். அவருக்குக் கீழே வாக்குச்சாவடிக்கு ஒரு கேப்டன். எல்லார் கையிலும் வீட்டுவாரியாகக் கணக்கு. 1886இல் கெல்லி இறந்ததும் ரிச்சர்ட் க்ரோக்கர் வந்தார். 1902 வரை அவர் ராஜ்யம். ட்வீட் காலத்து இயந்திரம் ஒரு மனிதரின் சாமர்த்தியத்தில் ஓடியது. இது ஆள் மாறினாலும் ஓடியது.

இந்த மாவட்டத் தலைவர்களில் ஒருவரை அருகில் போய்ப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் ப்ளங்கிட் என்பவர் பேசியவற்றைப் பத்திரிகையாளர் வில்லியம் ரியோர்டன் 1905இல் நூலாக வெளியிட்டார். கசாப்புக்கடையில் தொடங்கி மாநில செனட்டராகிக் கோடீஸ்வரராகச் செத்தவர் ப்ளங்கிட். அவருடைய ஒரு நாளை ரியோர்டன் மணிக்கணக்காகக் குறித்திருக்கிறார். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு அழைப்பு மணி: மதுக்கடைக்காரர் ஒருவர் கைதாகிவிட்டார், ஜாமீன் எடுக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் தீயணைப்பு வண்டிச் சத்தம். எரிந்த வீட்டின் குடும்பங்களை ஓட்டலில் தங்கவைத்து, உடையும் உணவும் ஏற்பாடு செய்கிறார். எட்டரைக்குப் போலீஸ் நீதிமன்றத்தில் ஆறு குடிகாரர்கள். நான்கு பேருக்கு நீதிபதியிடம் ஒரு வார்த்தை, இரண்டு பேருக்கு அபராதம். ஒன்பது மணிக்கு, வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு விதவைக்காக வாதாட ஆள் வைக்கிறார். இன்னொரு குடும்பத்தின் வாடகையைக் கட்டிக் கையில் ஒரு டாலரும் வைக்கிறார். பதினொன்றுக்கு வீட்டில் நான்கு பேர் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை. மாலை மூன்றுக்கு ஓர் இத்தாலியர் சாவு, பின் ஒரு யூதர் சாவு. இரண்டிலும் முன்வரிசையில் போய் நிற்கிறார். இரவில் கேப்டன்களின் கூட்டம், தேவாலயச் சந்தை, தள்ளுவண்டிக்காரர்களின் புகார். பத்தரைக்கு ஒரு யூதத் திருமணம். பன்னிரண்டுக்குப் படுக்கை.

இப்படி ஓர் ஆள் எந்த நேரமும் கதவைத் திறக்கிறார் என்பதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. எரிந்த வீட்டின் வாசலில் குழந்தையோடு நிற்கும் தாய்க்கு அந்தக் காலை ஆறு மணி உண்மையானது.

அதே ப்ளங்கிட் தம் சொத்து வந்த வழியையும் ஒளிக்கவில்லை. திருட்டு வேறு, ‘நேர்மையான ஆதாயம்’ வேறு என்பது அவர் வாதம். எங்கே பூங்கா வரப்போகிறது, எங்கே பாலம் வரப்போகிறது என்று கட்சி மூலம் முன்கூட்டியே தெரியும். அந்த நிலத்தை மலிவாக வாங்கிப் போட்டு, நகரத்துக்கே நல்ல விலைக்கு விற்பார். ஒரு முறை நகர நிர்வாகம் 2,50,000 பழைய கருங்கல் பாவுகற்களை ஏலம் விட்டது. ப்ளங்கிட் போட்டிக்கு வந்தவர்களைத் தனியே அழைத்து, யாருக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டு, அத்தனையும் இலவசமாகத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஏலத்தில் வேறு கை எழும்பவில்லை. கற்கள் அனைத்தும் இரண்டரை டாலருக்கு அவருடையதாயின. இதைச் சாமர்த்தியமாகவே அவர் சொல்லிக்கொண்டார். விதவையின் வாடகை எந்தப் பையிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலம் தேவையில்லை.

இது நியூயார்க்கின் தனி நோயும் அல்ல, ஐரிஷ் டெமாக்ரட்டுகளின் தனிச் சொத்தும் அல்ல. பிலடெல்பியாவில் ஆண்டது ரிபப்ளிகன் கட்சி. அங்கே ஜேம்ஸ் மெக்மேன்ஸ் நகரத்தின் எரிவாயு நிலையத்தைக் கைப்பற்றினார். தெருவிளக்கும் வீட்டு விளக்கும் எரிவாயுவில் எரிந்த காலம். வேலைவாய்ப்புகள், குழாய் கான்ட்ராக்ட், நிலையத்தின் வைப்புத்தொகை எல்லாம் அவர் சொல்படி. 1881இல்தான் அந்த ‘எரிவாயு வளையத்தை’ ஊர் உடைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் கண் பார்வை இல்லாத கிறிஸ்டோபர் பக்லி 1880களில் ஆட்களைக் குரலாலேயே அடையாளம் கண்டு ஆண்டார்.

சிகாகோவின் 19ஆவது வார்டு சற்று நின்று பார்க்க வேண்டிய இடம். 1850இல் சுமார் 30,000 பேர் வாழ்ந்த சிகாகோ 1890இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த வேகத்தில் வீங்கிய நகரத்தின் ஏழை வார்டு ஒன்றில், 1889இல் ஜேன் ஆடம்ஸ் ‘ஹல் ஹவுஸ்’ என்ற தொண்டகத்தைத் தொடங்கினார். தெருவில் குப்பை அள்ளுவதில்லை, பள்ளிகளில் இடமில்லை. வார்டின் கவுன்சிலர் ஜானி பவர்ஸோ, சார்ல்ஸ் யெர்கீஸின் டிராம் கம்பெனிக்கு உரிமங்களை வாரிக் கொடுப்பதில் முன்னே நின்றவர். 1896லும் 1898லும் ஹல் ஹவுஸ் அவரை எதிர்த்து வேலை செய்தது. இரண்டு முறையும் அவரே ஜெயித்தார்.

ஏன் தோற்றோம் என்று ஆடம்ஸ் 1898இல் எழுதிய கட்டுரை, இந்தப் பொருளில் இன்றும் முதலில் படிக்க வேண்டியது. ஒரு கிறிஸ்துமஸுக்குப் பவர்ஸ் ஆறு டன் வான்கோழியும் நான்கு டன்னுக்கு மேல் வாத்தும் வழங்கியதை அவர் குறித்தார். வார்டில் ஐந்து வாக்காளருக்கு ஒருவர் பவர்ஸின் தயவில் வேலை பார்த்தார். அதைவிட முக்கியமாக ஒரு சம்பவத்தையும் ஆடம்ஸ் சொன்னார். ஹல் ஹவுஸ் காப்பகத்தில் விட்டுச் செல்லப்பட்ட ஒரு பச்சைக் குழந்தை இறந்துவிட்டது. அநாதைச் சடலங்களை அடக்கம் செய்யும் கவுண்டி வண்டியில் அனுப்ப அவர்கள் ஏற்பாடு செய்தபோது, அக்கம்பக்கம் கொதித்தெழுந்து பணம் வசூலித்து, முறைப்படி அடக்கம் செய்தது. ஏழைக்குச் சாவின் மரியாதை எவ்வளவு பெரிது என்று ஆடம்ஸுக்கு அன்று விளங்கியது. பவர்ஸுக்கு அது எப்போதோ தெரியும். எத்தனை இழவு வீடுகளில் அவருடைய வண்டிகள் நின்றிருக்கும்! ஆனாலும் ஆடம்ஸ் அவரைப் புகழ்ந்து முடிக்கவில்லை. டிராம் கட்டணமாக அதே மக்களிடமிருந்து போகும் காசில் ஒரு சிறு பங்குதான் வான்கோழியாகத் திரும்புகிறது என்று காட்டினார்.

விலை என்ற பேச்சுக்கு இப்போது வரலாம். 1894இல் லெக்ஸோ விசாரணைக் குழு நியூயார்க் போலீஸை விசாரித்தபோது, திமத்தி க்ரீடன் என்ற அதிகாரி கேப்டன் பதவிக்காக 15,000 டாலர் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். பணம் இல்லாமல் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அந்தத் தொகையை அவருக்காகப் போட்டவர்கள் பேட்டையின் மதுக்கடைக்காரர்களும் நண்பர்களும். போட்ட பணம் திரும்ப வேண்டுமே. அது தெருவிலிருந்துதான் வசூலாகும். 1900இல் நியூயார்க்கில் ஐஸ் விலை நூறு பவுண்டுக்கு 30 சென்ட்டிலிருந்து 60 சென்ட் ஆனது. துறைமுக மேடைகளைக் கையில் வைத்திருந்த ‘அமெரிக்கன் ஐஸ் கம்பெனி’யில் மேயர் வான் வைக்குக்கும் பங்குகள் இருப்பது தெரியவந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். நெரிசல் குடியிருப்பில் குழந்தைக்கான பால் கெடாமல் இருக்க ஐஸ்தான் வழி. குளிர்காலத்தில் கரி வாங்கிய அதே குடும்பம் கோடையில் இந்த விலையைக் கொடுத்தது.

பணத்தில் அளக்க முடியாத விலையும் உண்டு. 1871 அக்டோபர் 10 அன்று பிலடெல்பியாவில் தேர்தல். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த 15ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்து ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. வில்லியம் மெக்முல்லன் என்ற டெமாக்ரடிக் வார்டு தலைவரின் பேட்டையில், கறுப்பினத்தவர் வாக்குச்சாவடிக்கு வராமல் தடுக்கக் கும்பல்கள் இறங்கின. ஆக்டேவியஸ் காட்டோ என்ற இளம் ஆசிரியர், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடியவர், பேஸ்பால் வீரர், தம் வீட்டருகே பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டதாகப் பலர் அடையாளம் காட்டிய ஆள் மெக்முல்லனின் கட்சிக்காரர். 1877இல் அவரை விடுதலை செய்தார்கள். கட்சி இயந்திரம் ஏழைகளின் தோழன் என்று பேசும்போது, எந்த ஏழை என்று கேட்டாக வேண்டும்.

தொழிலாளிகள் சொந்தக் காலில் நிற்க முயன்றபோது என்ன ஆயிற்று என்பதும் பார்க்கத் தக்கது. 1886 நியூயார்க் மேயர் தேர்தலில் தொழிற்சங்கங்கள் பொருளாதார எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜை நிறுத்தின. டாமனி மிரண்டது. இரும்பு ஆலை அதிபர் ஏப்ரம் ஹியூவிட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஹியூவிட்டுக்கு 90,552, ஜார்ஜுக்கு 68,110, மூன்றாவதாக வந்த தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு 60,435 வாக்குகள். ஜார்ஜின் வாக்குகளைத் தொலைத்துவிட்டார்கள் என்று அவருடைய ஆதரவாளர்கள் கடைசிவரை நம்பினார்கள். தனித்தனி ஆளாக வந்து கேட்டால் கொடுக்கலாம். கூட்டமாகச் சேர்ந்து உரிமையாகக் கேட்டால் இயந்திரம் முதலாளியோடு கைகோக்கும். இந்த ஒரு தேர்தல் அதன் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறது.

சீர்திருத்தக்காரர்களும் இதில் குறை இல்லாதவர்கள் அல்லர். ட்வீடை வீழ்த்தியதில் பெயர் பெற்ற சாமுவேல் டில்டன் ஆளுநரானதும் நகர நிர்வாகம் பற்றி ஒரு குழு அமைத்தார். நகரின் வரவு செலவை ஆளும் மன்றத்துக்கு, குறிப்பிட்ட அளவு சொத்தோ உயர்ந்த வாடகையோ உள்ளவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று 1877இல் அது பரிந்துரைத்தது. திருடனைத் தண்டிக்கும் பெயரில் ஏழையின் வாக்கைப் பறிக்கப் பார்த்தார்கள். 1878இல் அந்தத் திட்டம் செத்தது, நல்ல வேளை. ஆனால் டாமனி கேப்டன் வீடு வீடாகப் போய்ச் சொல்ல அதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

உருப்படியான மாற்றங்கள் வேறு இரண்டு. 1881இல் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். அதைத் தொடர்ந்து 1883இல் தேர்வு மூலம் அரசு வேலை என்ற பெண்டில்டன் சட்டம் வந்தது. 1888இல் மசாச்சூசெட்ஸ் மாநிலம் அரசே அச்சிடும் ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றின. வாசலில் நின்று தாளின் நிறம் பார்க்கும் வேலை அத்தோடு போயிற்று. படிக்கத் தெரியாதவர் புதிய சீட்டோடு திணறினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டாமனி இவற்றையும் தாண்டி நின்றது. 1911 மார்ச் 25 அன்று ட்ரயாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். குடியேறிய யூத, இத்தாலியக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. எந்த மாவட்டத் தலைவரும் ஓட்டலில் தங்கவைத்துச் சமாளிக்கக்கூடிய தீ அல்ல அது. பின்னர் அமைந்த விசாரணை ஆணையத்தை நடத்தியவர்கள் ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும். இருவரும் டாமனியில் வளர்ந்தவர்கள். தீத் தடுப்பு, வேலை நேரம், குழந்தைத் தொழில் என்று சில ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. வாக்னர் செனட்டராகி 1935இல் தொழிற்சங்க உரிமைக்கான சட்டத்துக்குத் தம் பெயரையே தந்தார். தயவாகக் கிடைத்ததைச் சட்டமாக்கியவர்களில், தயவின் அரசியலில் பிறந்தவர்களும் இருந்தார்கள் என்பது டாமனியின் கணக்கில் எழுத வேண்டிய வரவு.

சட்டம் வந்தால் இயந்திரம் தானே சாகும் என்று எண்ணியவர்களுக்குச் சிகாகோ பதில் சொன்னது. அங்கே இயந்திரம் 1930களில்தான் முழு வலுவடைந்தது; 1955 முதல் 1976 வரை ரிச்சர்ட் டேலி அதை மேயராக இருந்து நடத்தினார். நகர, கவுண்டி ஊழியர்கள் பல்லாயிரம் பேருக்குக் கட்சிக்கு வேலை செய்தால்தான் சம்பளம் நிலைத்தது. சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில், புதிதாக வந்த டெமாக்ரட் ஷெரீப் ரிபப்ளிகன் ஊழியர்களை நீக்கியபோது அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1976 ஜூனில் தீர்ப்பளித்தது: கொள்கை வகுக்கும் பொறுப்பில் இல்லாத ஊழியரை, வேறு கட்சிக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்குவது அரசமைப்புக்கு எதிரானது. ட்வீட் சிறையில் இறந்து அப்போது 98 ஆண்டுகள் ஆகியிருந்தன.